மாதாந்திர மருந்து வாங்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

கொரோனா பற்றிய செய்தி மறுபடியும் தொலைக்காட்சியில் தலைகாட்டியதிலிருந்து, சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, முடக்குவாதம் ஆகியவற்றுக்கு மாதந்தோறும் நம் கடையில் மருந்து வாங்குவோரில் பலர், நான்கு மாதத்துக்கு உரியதை ஒரே தடவையில் கேட்கிறார்கள். ஒரு மாத மருந்தும் கூடுதலாகப் பத்து நாள் கையிருப்பும்தான் தருவோம் என்று நாங்கள் சொல்வது சிலருக்கு மனத்தாங்கலை உண்டாக்கியிருக்கிறது. அதன் காரணத்தைச் சொல்லவே இம்மடல்.

2020 மார்ச்சில், ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொரோனாவைத் தடுக்கும் என்ற பேச்சு பரவியதும், எந்த நோயும் இல்லாதவர்கள் அதை அட்டை அட்டையாக வாங்கிச் சென்றார்கள். மத்திய அரசு மார்ச் 26 அன்று அதன் விற்பனையைக் கட்டுப்படுத்தியது. அதற்குள் எங்கள் அலமாரி காலியாகிவிட்டது. முடக்குவாதத்துக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்கும் ஆண்டுக்கணக்கில் அதைச் சாப்பிட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப நேர்ந்தது. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அம்மாத்திரையால் பயனில்லை என்று அதே ஆண்டு ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு காட்டியது. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்த தவறு எங்களுடையது.

அதே நாட்களில், டெல்மிசார்ட்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் தொற்றை மோசமாக்கும் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றியது. இதயநோய் மருத்துவர் சங்கங்கள் நிறுத்த வேண்டாம் என்று அறிவித்தும், நம் வாடிக்கையாளரான ஓர் அம்மா யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டு, தாங்க முடியாத தலைவலியோடு கடைக்கு வந்து நின்றார்.

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அன்றாடம் மாலையில் வெளியான மாநில அரசின் அறிக்கையில், இறந்தவரின் வயதுக்குப் பக்கத்தில் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் என்று இணைநோய்களும் அச்சாகியிருந்தன. அதே நோய்கள் உள்ளவர்கள் அதைத் தங்களுக்கு வந்த ஓலையாகவே படித்தார்கள். பயத்தில் சுரக்கும் அட்ரினலினும் கார்ட்டிசோலும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதால், வழக்கமான மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் அளவு கூடுவதைக் கண்டு மேலும் பயந்தவர்களும் உண்டு. நள்ளிரவில் எழுந்து எழுந்து, இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரில் விரலை வைத்துப் பார்ப்பதாகச் சிலர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அக்கருவி தவறாகக் காட்டலாம்.

தூக்கம் வரவில்லை, அல்பிரசோலம் ஒரு அட்டை கொடுங்கள் என்று கேட்பவர்களும் கூடியிருக்கிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதைத் தருவதற்கில்லை. வாங்கியவர் பெயரையும் எழுதித் தந்த மருத்துவர் பெயரையும் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய மருந்து அது. பழகிவிட்டால் விடுவதும் எளிதன்று. தூக்கம் கெடும் அளவுக்குக் கவலை இருப்பின், உங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் சர்க்கரை அளவைச் சொல்வது போலவே அதையும் சொல்லுங்கள். டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம்.

மருந்து தீருவதற்கு ஐந்து நாள் முன்னதாகச் சொல்லிவிட்டால் உங்கள் பெயரில் எடுத்து வைப்போம். வெளியே வர இயலாத முதியோருக்கு வீட்டிலேயே கொண்டுவந்து தருவோம். பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை கடையில் கூட்டம் குறைவு. எதையேனும் நிறுத்தலாமா, கூட்டலாமா என்ற ஐயம் எழுந்தால், அந்நேரத்தில் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள். உட்கார்ந்து பார்த்து, தேவைப்பட்டால் உங்கள் மருத்துவரையே தொலைபேசியில் கேட்டுச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் மருந்தாளுநர்களும்