வாளின் அடித்துருவைத் தேய்க்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் பழைய ஜப்பானிய வாள்கள் பற்றி வந்த கட்டுரை நன்று. ஆனால், கைப்பிடியைக் கழற்றி உள்ளே படிந்த துருவை உப்புத்தாளால் தேய்த்தால் வாள் செய்தவரின் பெயரைப் படித்துவிடலாம் என்ற யோசனையை யாரும் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். அந்தத் துருதான் வாளின் வயதுக்குச் சாட்சி.

கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதிக்கு நாககோ என்று பெயர். அலகைத் தீட்டி மெருகேற்றும் தேர்ந்த கலைஞர்கூட அங்கே துருவில் கை வைப்பதில்லை. பல நூற்றாண்டு கண்ட நாககோ பகுதியில் துரு கருத்து, இறுகி, வழவழப்பாக இருக்கும். செம்பழுப்பாக விரலில் ஒட்டினால் அது அண்மையில் ஏறிய துரு. பெயரை வெட்டிய உளித்தடத்துக்குள்ளும் சுற்றிலும் உள்ள அதே கருமை இருக்க வேண்டும்; தடத்துக்குள் மட்டும் இரும்பு பளிச்சிட்டால், பெயர் பிற்பாடு வெட்டப்பட்டதோ என்று சந்தேகிக்கலாம். கிமேய் எனப்படும் போலிப்பெயர் இந்தத் துறையில் சர்வசாதாரணம். அரம் ராவிய கோடுகளின் சாய்வும் எந்த மரபுப் பட்டறை என்பதற்கு ஒரு தடயம். உப்புத்தாள் பட்டால் ஐந்தே நிமிடத்தில் இவை அத்தனையும் போய்விடும். மீட்க வழியே இல்லை.

பெயர் இல்லாததால் வாள் மட்டம் என்றும் ஆகிவிடாது. தாச்சி என்னும் நீண்ட வாள்களைப் பிற்காலத்தில் அடிப்பக்கம் வெட்டிக் குறுக்கினார்கள். பெயரும் அதோடு போனது. நாககோ பகுதியில், கைப்பிடியைப் பிணைக்கும் ஆணிக்கான துளைகள் இரண்டு மூன்று தெரிந்தால் அப்படி நடந்திருக்கக்கூடும். ஜப்பானில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி தரும் பதிவட்டையில் நீளம், வளைவோடு துளைகளின் எண்ணிக்கையும் பொறித்த பெயரும் எழுதப்பட்டிருக்கும். வாங்குபவர் அட்டையையும் வாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அவசியம்.

பெயரைத் தேடும் முன் அலகைப் பாருங்கள். ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால், பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தபோது உருவான ஹமோன் என்னும் வெண்கோடு கருக்கை, அதாவது வெட்டும் விளிம்பை, ஒட்டி ஓடி, முனையில் திரும்புவது தெரியும். முனையில் அது காணாமல் போயிருந்தால் மதிப்பு வெகுவாகக் குறையும். கருக்குக்குக் குறுக்கே மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தால் அதைச் சரிசெய்யவே முடியாது.

கழற்றும் முறையும் முக்கியம். மூங்கில் ஆணி ஒரு பக்கம் சிறுத்திருக்கும். சிறுத்த பக்கத்திலிருந்தே தட்டி வெளியேற்ற வேண்டும். பிறகு இடக்கையால் கைப்பிடியின் அடியைப் பற்றி, வாளைச் சற்றே சாய்வாக நிமிர்த்தி, இடது மணிக்கட்டில் வலது முட்டியால் தட்டினால் அலகு தளரும். குறுவாளென்றால் மிக மெதுவாகத் தட்டுங்கள். எடை குறைவு, துள்ளி வெளியே வந்துவிடும். அலகில் விரல் படக்கூடாது, அதன் மேல் பேசவும் கூடாது: வியர்வையும் எச்சிலும் துருவாக மாறும்.

இறுதியாக எண்ணெய். ஜப்பானியர்கள் தடவும் சோஜி எண்ணெயில் கிராம்பு வாசம் இருப்பதால், மருந்துக்கடைக் கிராம்புத் தைலத்தையே பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. சோஜியில் பெரும்பகுதி லேசான கனிம எண்ணெய்தான், கிராம்பு மிகச் சொற்பம். அலகில் சோஜியை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். வழியும்படி விட்டால் உறையின் மரத்தில் ஊறிவிடும்.

இப்படிக்கு,
வாசகர்