நாளைக்கும் வருவியா?

நாகர்கோவில்
ஆடி 12

அன்பு மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வாசித்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்து, பாதியில் நிறுத்திவிட்டேன். பேரனைப் பற்றி நீ எழுதியிருந்த நாலு வரி என்னை விடவில்லை. குவைத்திலிருந்து அம்மை லீவுக்கு வந்து வாசலில் நிற்கிறாள். பிள்ளை உன் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கிறான். அவள் கொண்டுவந்த ரிமோட் காரை மட்டும் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். "ஒன்றரை வருஷத்தில் பெற்றவளை மறந்துபோட்டானே" என்று அவள் குளிமுறியில் போய் அழுதாள் என்று எழுதியிருந்தாய். கடைசியில், "நீ பிள்ளைகளோடு விளையாட ஆட்களுக்கு வகுப்பு எடுக்கிறாயாமே, விளையாட்டைக்கூடவா படிச்சுக் கொடுக்கணும்?" என்றும் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்று எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. கொஞ்சம் நீளும். இந்த மழையில் உங்களுக்கு ரப்பர் பால்வெட்டும் இருக்காது, நிதானமாக வாசி.

முதல் காரியம்: அவன் மறக்கவில்லை. இதை உன் மகளிடம் இன்றைக்கே சொல்லு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தையோடு அம்மா தங்க முடியாது. லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் அந்த வார்டுகளில் உட்கார்ந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் அழுகையும் கூப்பாடும். பிறகு அழுகை ஓய்ந்து ஒரு சோர்வு. அதற்கும் பிறகு பிள்ளை 'நல்ல பிள்ளை' ஆகிவிடும். சிரிக்கும், நர்சு கொடுத்ததைத் தின்னும், அம்மா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பழகிவிட்டது என்றார்கள் வார்டில். ராபர்ட்சனும் அவரோடு வேலை செய்த ஜான் பௌல்பியும் அது பழக்கமில்லை, வலியை மூடி வைத்திருக்கிறது என்றார்கள். 1952இல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததைப் படம் பிடித்துக் காட்டினார் ராபர்ட்சன். பார்த்த டாக்டர்கள் பலருக்குக் கோபம் வந்தது. 1959இல் அந்த நாட்டு அரசு அமைத்த குழுவே பெற்றோரைத் தடையில்லாமல் உள்ளே விடச் சொன்னது.

உன் பேரன் முகம் திருப்பியதும் இந்த வகைதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்தக் குழந்தைகளுக்கு ஒளிந்துகொள்ள ஒரு சேலை இல்லை. இவனுக்கு நீ இருந்தாய். பயம் வந்தால் ஓடிப்போகும் இடமும், பயம் போனதும் அங்கிருந்து தலையை நீட்டி உலகத்தை எட்டிப் பார்க்கும் இடமும் ஒன்றே. மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் 1954 வாக்கில் உகாண்டாவின் கிராமங்களில் வீடு வீடாகப் போய் 26 குடும்பங்களின் குழந்தைகளைப் பார்த்து இதைத்தான் எழுதினார். குழந்தை அம்மாவை விட்டுத் தவழ்ந்து போகும், திரும்பிப் பார்க்கும், இன்னும் கொஞ்சம் போகும். அவன் எட்டிப் பார்த்தான் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உயிர் வந்தது.

இதற்குப் புத்தகத்தில் 'பற்றுப்பிணைப்பு' என்றெல்லாம் எழுதுகிறார்கள். எங்கள் வகுப்பில் முதல் நாளே அதை ஓரமாக வைத்துவிட்டோம். "பிள்ளைக்கு ஆருகிட்டயும் ஒட்டுதல் இல்ல" என்று நம் அம்மைமார் சொல்வதில்லையா, அந்த ஒட்டுதல்தான். ஒட்டுதல் அறுந்த பிள்ளைக்கு, அறுந்த இடத்திலேயே மறுபடி ஒட்ட, விளையாட்டை வழியாக்குகிற வேலை இது.

இதை நான் ஏன் சொல்லிக்கொடுக்கப் போனேன் என்று உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. 2004 சுனாமி முடிந்து குளச்சல் பக்கம் ஒரு முகாமுக்குப் போனோம். மூன்று நாள் திட்டம். வண்ணக் கட்டிகள், பந்து, பொம்மை. பிள்ளைகள் சிரித்தார்கள், போட்டோ எடுத்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து வயதிருக்கும் ஒரு குட்டி என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கும் வருவியா?" என்று கேட்டாள். வருவேன் என்றேன். போகவில்லை. கடல் கொண்டுபோன பிறகு அந்தப் பிள்ளையிடம் சொல்லாமல் போன இன்னொரு ஆள் நான்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று ஊர் ஊராகக் கடலைப் பார்த்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்த நாட்கள். அப்போதும் போனேன். அந்த முறை பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை. எத்தனையோ வண்டிகள் வந்து போய்விட்டன, எத்தனையோ அக்காமாரும் அண்ணன்மாரும் படம் வரையச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு பையன் வாளித் தண்ணீரில் செருப்பைப் படகாக மிதக்கவிட்டு, முக்கி, எடுத்து, மறுபடி முக்கிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் தலையைத் தூக்காமலே, "நீங்க எப்பம் போவிய?" என்றான். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை, மக்கா. அன்றைக்கு முடிவு செய்தேன்: போய்விட்டு வருகிற ஆள் நானாக இருக்கக்கூடாது, அந்தந்த ஊரிலேயே இருக்கிற, நாளைக்கும் வருகிற ஆட்களைத் தயார் செய்ய வேண்டும் என்று.

இது என் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1967இல் சிகாகோவில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் பள்ளிகளுக்கு மனநலப் பொறுப்பு ஆன் ஜெர்ன்பெர்க் என்ற அம்மாவிடம் வந்தது. பிள்ளைகள் நிறைய, அனுப்பிவைக்கச் சிகிச்சை நிலையங்கள் இல்லை. அவரும் ஃபிலிஸ் பூத்தும் பட்டத்தைப் பார்க்காமல், துடிப்பும் ஈரமும் உள்ள இளம் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, தொடர்ந்து மேற்பார்வை பார்த்து, பள்ளிகளுக்கே அனுப்பினார்கள். தெராப்ளே என்று இன்று உலகம் முழுக்கச் சொல்கிற விளையாட்டுச் சிகிச்சை முறை அங்கே தொடங்கியதுதான். அதில் நாலு தூண்கள்: ஒழுங்கு, ஈடுபாடு, சீராட்டு, சவால். 'சீராட்டு' என்ற சொல் தமிழில் கிடைத்தபோது என் வகுப்பில் எல்லோரும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தார்கள். நம்மிடம் இருந்த காரியத்துக்கு இவ்வளவு தூரம் போய்ப் பெயர் வாங்கி வந்தோமே என்று எனக்கும் தோன்றியது. உள்ளங்கையில் பருப்பு கடைந்து ஆளுக்கொரு உருண்டை கொடுத்துவிட்டு, நண்டு ஊறுது நரி ஊறுது என்று கை வழியே ஏறிக் கக்கத்தில் கிச்சுகிச்சு மூட்டுகிறோமே, அதில் நாலும் இருக்கிறது. அடுத்தது என்ன வரும் என்று பிள்ளைக்குத் தெரிவது ஒழுங்கு. கண்ணும் கண்ணும் பார்ப்பது ஈடுபாடு. ஊட்டுவது சீராட்டு. கிச்சுகிச்சு வரப்போகிறது என்று தெரிந்தும் கையை இழுக்காமல் இருப்பது சவால்.

அப்படியானால் எதற்குப் பயிற்சி என்பாய். செய்யத் தெரியும், பார்க்கத் தெரியாது. அதற்குத்தான்.

இப்போது என்னிடம் பதினோரு பேர். முட்டத்திலிருந்து ஒரு அங்கன்வாடி டீச்சர், குலசேகரத்திலிருந்து ஒரு சிறப்பாசிரியை, நர்சு ஒருத்தி, உளவியல் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் நாலைந்து பேர். தக்கலையில் ஒரு மாடி அறையில் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒன்றரை வருஷம். மூன்று நாளில் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். நாற்காலி கிடையாது, பாய்தான். முதல் இரண்டு மாதம் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் கையில் மற்றவர் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும், இலவம்பஞ்சை மாறி மாறி ஊதி விளையாட வேண்டும், மட்டிப்பழத்தைத் தோல் உரித்து ஊட்ட வேண்டும். வெட்கத்தில் முதலில் சிரிப்பார்கள். போன மாசி மாதம் ஒருத்தி பழத்தை வாயில் வாங்கியதும் தேம்பி அழத் தொடங்கிவிட்டாள். எட்டாம் வகுப்பு முதல் விடுதியில் வளர்ந்தவள். "கடைசியா எனக்கு ஆரு ஊட்டினான்னு யோசிச்சேன், ஓர்மை வரல" என்றாள். நான் எதையும் விளக்கவில்லை, பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். தான் வாங்கத் தெரியாததை ஒருத்தி பிள்ளைக்குக் கொடுக்கப்போனால், பிள்ளை ஏங்கும் இடத்தில் அவளுக்கு எரிச்சல் வரும். அது அவள் தப்பில்லை, ஆனால் அவள் அதைத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பயிற்சி உண்டு. எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் 1970களில் தாய்களைக் கொண்டு செய்த சோதனையிலிருந்து எடுத்தது. குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா திடீரென முகத்தில் அசைவே இல்லாமல் இரண்டு மூன்று நிமிஷம் இருக்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் தளர்ந்து திரும்பிக்கொள்ளும். பெரியவர்களுக்குள் இதைச் செய்யச் சொல்வேன்: ஒருத்தி சின்ன வயது சந்தோஷம் ஒன்றைச் சொல்ல, எதிரில் இருப்பவள் கல்லாக இருக்க வேண்டும். இரண்டு நிமிஷம் யாரும் தாங்கியதில்லை.

டிரானிக் சொன்ன வேறொரு விஷயம்தான் எனக்குப் பயிற்சி கொடுக்கக் கற்றுக்கொடுத்தது. நல்ல அம்மாவும் குழந்தையுமேகூட பாதி நேரத்துக்கு மேல் பொருந்திப்போவதில்லை. தவறிப்போனதைச் சரிசெய்து மறுபடி சேர்வதில்தான் பிள்ளைக்கு நம்பிக்கை பிறக்கிறது. நாங்கள் விளையாட்டு நேரத்தை பெற்றோர் சம்மதத்தோடு வீடியோ எடுத்து, மூன்று நிமிஷத் துண்டை ஒரு மணி நேரம் பார்ப்போம். முதல் வருஷம் ஒரு பெண்ணின் வீடியோவை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "பிள்ளை இங்கே கண்ணைத் திருப்பிட்டான், நீ ஓடிக்கிட்டே இருக்கே" என்றேன். சொன்னது சரிதான், சொன்ன விதம் கொடுமை. அதற்குப் பிறகு நாலு மாதம் அவள் கொண்டுவந்ததெல்லாம் நன்றாகப் போன துண்டுகள் மட்டும். வலியை மூடிவைத்த நல்ல பிள்ளை! எனக்கு உறைக்க நாலு மாதம் ஆனது. அவள் வீட்டுக்கே போய், "அன்னைக்கு உன்னை நான் தனியா விட்டுட்டேன்" என்று சொன்னேன். அடுத்த சனிக்கிழமை தன்னால் சமாளிக்க முடியாத ஒரு பிள்ளையின் வீடியோவைக் கொண்டுவந்தாள். பிள்ளையை அம்மை தாங்குகிறாள், அம்மையைத் தாங்க இவள், இவளைத் தாங்க நான். நான் கையை விட்டால் கடைசியில் விழுவது பிள்ளை.

பயமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த 'ஒட்டுதல்' என்ற பெயரைச் சொல்லியே கொடுமை நடந்திருக்கிறது. 2000இல் அமெரிக்காவின் கொலராடோவில், தத்தெடுத்த அம்மாவோடு ஒட்டவைக்கிறோம் என்று பத்து வயதுப் பெண்ணைத் துணியில் சுற்றி அமுக்கினார்கள். மூச்சு முட்டுகிறது என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லியும் விடவில்லை. செத்துப்போனாள். மறுவருஷம் அந்த மாநிலம் அந்த முறைக்கே தடைச் சட்டம் போட்டது. இதை ஒவ்வொரு குழுவுக்கும் முதல் வாரத்தில் சொல்லுவேன். பிள்ளை கையை இழுத்தால் விட்டுவிட வேண்டும். அறையில் அம்மையோ அம்மாச்சியோ இருந்தாக வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் 2012இன் போக்சோ சட்டத்தையும் உட்கார்ந்து வாசிக்கவைக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து "பன்னிரண்டு தடவை விளையாடினா பிள்ளை அடங்கிடுமா?" என்று கேட்டார்கள். அடக்க வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தோம்.

சரி, உன் வீட்டுக் காரியம். மகளுக்கு லீவு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது அல்லவா. "அம்மைகிட்ட போ" என்று அவனைத் தள்ளாதே. நீ சோறு ஊட்டும்போது அவள் உன் தோளை ஒட்டி உட்காரட்டும். இரண்டு நாள் கழித்து ஒரு உருண்டை அவள் கையிலிருந்து போகட்டும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது ஒரு கால் உனக்கு, ஒரு கால் அவளுக்கு. தினமும் அரை மணி நேரம் அவன் இழுத்த விளையாட்டில் அவள் இருக்க வேண்டும். ஏபிசிடி கேட்கக்கூடாது, நிறம் கேட்கக்கூடாது, போன் பக்கத்தில் இருக்கக்கூடாது. கார் கட்டிலுக்கு அடியில் போனால் அவளும் படுத்துக் கட்டிலுக்கு அடியில் பார்க்கட்டும். ஒருநாள் அவன் அவளை அடிக்கலாம், கடிக்கலாம். அன்றைக்கு எனக்குப் போன் பண்ணு, நான் சந்தோஷப்படுவேன். மூடி திறக்கிறது என்று அர்த்தம். "அம்மை போனது உனக்கு ரொம்பக் கோபம், இல்லையா மக்களே" என்று மட்டும் அவள் சொன்னால் போதும், சமாதானம் பேச வேண்டாம்.

திரும்பிப் போன பிறகு வீடியோ கால் தினமும் ஒரே நேரத்தில் வரட்டும், ஐந்து நிமிஷமானாலும் சரி. "சாப்பிட்டியா, குறும்பு பண்ணினியா" என்று விசாரிக்காமல், திரையில் அவள் விரலை வைக்க, அவன் விரலை வைக்க, துப்பட்டாவால் முகத்தை மூடித் திறக்க, இப்படி அவர்கள் இருவருக்கு மட்டும் சொந்தமான ஒரு விளையாட்டு இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இதை நீ கேட்டே ஆகணும். நம் ஊரில் எல்லோரும் செய்கிறதுதான்: விமானம் விடியற்காலையில், திருவனந்தபுரத்துக்கு ராத்திரியே கார் கிளம்பும், பிள்ளை அழுவானே என்று உறக்கத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். போன முறையும் அப்படித்தான் செய்தீர்கள் என்று எழுதியிருந்தாய். உறங்கி எழுந்தால் அம்மை இல்லை என்றால், பிள்ளை அதற்குப் பிறகு உறங்கப் பயப்படாமல் என்ன செய்யும்? ராத்திரி உறங்காமல் புரளுகிறான் என்றாயே. இந்த முறை ஒரு வாரம் முன்னாலேயே சொல்லுங்கள். காலண்டரில் நாளை அடிக்கச் சொல்லுங்கள். அவளுடைய பழைய சேலை ஒன்றை அவன் தலையணைக்கு உறையாகத் தைத்துப் போடு.

அன்றைக்கு ராத்திரி நானும் வந்துவிடுகிறேன், மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம்தானே. முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, படி ஏறிவிடுவேன். நெத்திலியும் மரச்சீனியும் செய்து வை, போதும். அவன் அழுவான், அவளும் அழுவாள், நீயும் அழுவாய், நான் கூட இருக்கிறேன். கார் வந்ததும் பிள்ளையை எழுப்பு.

உன்
ஹாஸ்டல் அறைக்காரி