கொத்துக்குப் பயப்படாதே, ஈரத்துக்குப் பயப்படு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஏரிக்கரைக் கழுகுக்கூட்டின் 2025 கேமராப் பதிவுகளை உட்கார்ந்து பார்க்கிறாய் என்று தெரிந்து மகிழ்ச்சி. மூத்த குஞ்சு இளையதை மண்டையிலேயே கொத்துகிறதே, யாராவது ஏறிப் போய்த் தடுக்கக் கூடாதா என்று கேட்டிருந்தாய். அந்தக் கூட்டில் 2019இலும் 2025இலும் குஞ்சுகள் செத்ததைப் பார், அவை போனது கொத்தால் இல்லை, ஈரமும் குளிருமான புயலில்.

அதற்கு முன் ஒன்று. ‘வழுக்கைக் கழுகு’ என்று எழுதியிருக்கிறாய். அதன் தலை நிறைய இறகு! ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் வெண்மை என்ற பொருளும் இருந்தது. அதனால் வெண்தலைக் கழுகு என்றே எழுது. அந்த வெள்ளையும் நாலைந்து வயதில்தான் முழுசாக வரும். கூட்டை விட்டுப் பறக்கும் குஞ்சு கரும்பழுப்பாகத்தான் இருக்கும்.

இப்போது கொத்துக்கு வருகிறேன். தாய் ஜாக்கி 2025இல் ஜனவரி 22, 25, 28 என்று மூன்று நாளுக்கு ஒன்றாக முட்டையிட்டது. குஞ்சுகள் அங்கத்திய தேதிப்படி மார்ச் 3, 4, 8இல் பொரிந்தன. முதல் முட்டைக்கு நாற்பது நாள் ஆகியிருக்கிறது. இந்த இனத்துக்குப் பொதுவாக 35 நாள் என்பார்கள். ஆனால் அந்த இடம் 6,700 அடிக்கு மேல் உள்ள மலை, கடுங்குளிர், அதனால் இன்னும் சில நாள் கூடுதலாகும். முதல் முட்டையை இட்டதும் கழுகு முழுமூச்சாக அடைகாப்பதில்லை. இட்டதில் ஆறு நாள் இடைவெளி இருந்தும் பொரிந்ததில் அது சற்றுக் குறைந்ததற்கு அதுதான் காரணம். குறைந்தாலும் கடைக்குட்டி நான்கைந்து நாள் சின்னது. பிறக்கும்போது நூறு கிராம்கூட இல்லாத உயிருக்கு நான்கைந்து நாள் என்பது பெரிய வித்தியாசம். மூத்தது தன் இடத்தைக் காட்டிக்கொள்ளக் கொத்துகிறது, இளையது தலையைக் கவிழ்த்துக்கொள்கிறது. இரை தட்டில்லாமல் வந்தால் மூன்றாவது வாரத்துக்குள் இது பெரும்பாலும் அடங்கிவிடும். இரை பல நாள் குறைந்தால்தான் ஆபத்து.

ஆகவே கொத்தை எண்ணாதே, தொண்டைக்குக் கீழே புடைக்கும் தீனிப்பையைப் பார். முட்டி மோதி வாயைத் திறப்பதற்குத்தான் முதலில் ஊட்டு கிடைக்கும். அது நிறைந்து சாய்ந்தபின் இளையதின் முறை. பாதி ஊட்டலில் திரையை மூடிவிட்டு ‘பட்டினி போடுகிறார்கள்’ என்று புலம்புகிறவர்கள் ஏராளம். இருட்டும் நேரத்தில் இளையதின் தீனிப்பையும் புடைத்திருந்தால் நிம்மதியாகத் தூங்கு. நேரலையில் பார்ப்பதானால், மார்ச் தொடக்கத்தில் அங்கே காலை ஆறரை என்றால் நமக்கு இரவு எட்டு. அந்த மாதம் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளியபின் அதே ஆறரை நமக்கு இரவு ஏழு. விடிந்ததும் வரும் ஊட்டலைச் சாப்பாட்டு வேளையில் பார்த்துவிடலாம். அவர்களுடைய இரவில் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிவது அகச்சிவப்பு விளக்கால். அந்த வெளிச்சம் கழுகின் கண்ணுக்குத் தெரியாது.

ஈரத்துக்கு வருகிறேன். பொரிந்த குஞ்சின் மேல் இருப்பது மெல்லிய வெளிர்சாம்பல் தூவி, அது சூட்டைப் பிடித்து வைக்காது. பத்து நாளுக்குமேல் அடர்த்தியான கருஞ்சாம்பல் தூவி முளைக்கும். இரண்டு வாரம் ஆனால்தான் தன் சூட்டைத் தானே ஓரளவு காக்கும். 2025 மார்ச் 13ஆம் தேதி பனிப்புயல் வந்தபோது மூத்ததற்கே பத்து நாள்தான். ஜாக்கியும் தந்தை ஷேடோவும் மூடியே கிடந்தும் மூன்றில் ஒன்று போய்விட்டது.

இரண்டாவது கண்டம் ஆறாவது வாரத்தில். தாயின் வயிற்றுக்கடியில் அடங்காத அளவு வளர்ந்திருக்கும், ஆனால் இறகு முழுசாக மூடியிருக்காது. 2019 மே கடைசியில் குளிரோடு ஈரமும் சேர்ந்து அடித்த புயலில் குக்கி என்ற ஆறு வாரக் குஞ்சு அப்படித்தான் இறந்தது. கூடவே இருந்த சிம்பா பிழைத்துப் பறந்தது.

இதோடு ஃப்ளோரிடாவில் கேமரா வைத்த இன்னொரு வெண்தலைக் கழுகுக்கூட்டை ஒப்பிட்டுப் பார். 2023 பிப்ரவரியில் தாய் ஹாரியட் கூட்டை விட்டுப் போனது, திரும்பவில்லை. குஞ்சுகளுக்கு ஏறக்குறைய நான்கு வாரம். தந்தை எம்15 ஒற்றை ஆளாக இரண்டையும் பறக்கவைத்தது. அந்த வயதில் தூவி வந்துவிட்டது, ஊரும் வெப்பமான ஊர். அதே இழப்பு மலையில், முதல் வாரத்தில் நேர்ந்திருந்தால் கதை வேறு. வேட்டைக்குப் போனால் குஞ்சை மூட ஆளிருக்காது.

ஏன் யாரும் ஏறுவதில்லை என்றால், ஆள் நெருங்கினால் பெற்றோர் கூட்டையே கைவிடலாம், வளர்ந்த குஞ்சு மிரண்டு முன்கூட்டியே குதிக்கலாம். சட்டமும் விடாது. மிக அரிதாக, அனுமதி பெற்று இறங்குவார்கள். 2021இல் அதே ஃப்ளோரிடாக் கூட்டில் இரண்டு குஞ்சுகளுக்கும் கண்ணில் தொற்று வந்து திறக்க முடியாமல் போனபோது, எடுத்து வைத்தியம் செய்து திரும்ப விட்டார்கள்.

முட்டை கெட்டுப் போவதற்கு மட்டும் உன்னிடம் ஆறுதல் சொல்ல எனக்கு வழியில்லை. 2024 பிப்ரவரிப் பனியில் ஜாக்கி ஏறக்குறைய 62 மணி நேரம் எழாமல் அடைகாத்தது, மூன்று முட்டையும் பொரியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டும் முட்டை பொரியவில்லை.

பத்தாவது வாரத்துக்குமேல் கிளைக்குத் தாவுவதையும், காற்றில் எம்பி எம்பி இறங்குவதையும் விட்டுவிடாதே. 2025இல் பிக் பேர் கூட்டில் பிழைத்த இரண்டு குஞ்சுகளில் சன்னி ஜூன் 2இலும் கிஸ்மோ ஜூன் 7இலும் பறந்தன, ஏறக்குறைய பதின்மூன்று வாரம். பறந்தபின்னும் சில வாரம் கூட்டுக்கு வந்து இரை கேட்டுக் கத்தும்.

அடுத்த முட்டைப் பருவத்துக்கு ஜனவரி வரை காத்திருக்காதே, மழைக்காலத்திலேயே பார்க்கத் தொடங்கு. ஷேடோ ஒரு நீளக் குச்சியைக் கொண்டுவந்து ஓரத்தில் வைக்கும், ஜாக்கி அதை இழுத்து வேறு பக்கம் வைக்கும், ஷேடோ மறுபடி இழுக்கும். இரண்டும் சேர்ந்து நிற்கும்போதே அளவு பார்த்துப் பழகிக்கொள், பெரியது பெண்.

அன்புடன்,
ராமு