பூட்டிய பீரோவில் சிறுவர் நாவல்

ஆசிரியருக்கு,

எழுத்தாளர் உதயசங்கரைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். கோவில்பட்டிக்காரர், ஸ்டேஷன் மாஸ்டராக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர், 'ஆதனின் பொம்மை' நாவலுக்காக 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றவர் என்பதெல்லாம் சரி. மலையாளத்திலிருந்து அவர் மொழிபெயர்த்த சிறுவர் கதைகளைப் பற்றியும் இரண்டு வரி கூடுதலாகச் சொல்லியிருக்கலாம். எல்லையோரக் குமரிக்காரர்களுக்கு அதுதானே நெருக்கம்!

கீழடியைத் தொட்டுச் செல்லும் அந்த நாவலைப் படித்த என் பேத்தி, மறுநாளே தென்னந்தோப்பில் சிரட்டையால் தோண்டி, ஓர் ஓட்டுச்சில்லைக் கழுவி எடுத்துவந்தாள். எங்கள் ஊர் நூலகத்திலோ சிறுவர் நூல்கள் பூட்டிய பீரோவில் கிடக்கின்றன. சாவி யாரிடம் என்று கேட்டால் பதில் இல்லை. மாவட்டத்தின் கிளை நூலகங்களில் அவற்றைத் திறந்த அலமாரியில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்க வேண்டும்.

– ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்