மீதியை எங்கே காண்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தூத்துக்குடியில் 41 வருடம் புத்தக பைண்டிங் செய்து, கண் மங்கியதால் கடையை மூடியவன் நான். எங்கள் சேக்காளி ஒருவர் அண்மையில் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அவருடைய மர அலமாரி காலியாகக் கிடந்தது. பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். நகைச்சுவை நடிகரும் பாடகருமான ஜே.பி. சந்திரபாபு நடித்த படங்களின் பாட்டுப் புத்தகங்கள் (கதைச்சுருக்கமும் பாட்டு வரிகளும் அச்சிட்ட சிறு புத்தகங்கள்) அவ்வளவும் அதில் போய்விட்டன. பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவை என்ன என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை. அந்த வீட்டுக்கு வாரம் தவறாமல் போன நானும் சொன்னதில்லை.

சந்திரபாபு 1927-ல் எங்கள் ஊரில் பிறந்தவர். அவரைப் பற்றிய நிகழ்ச்சி என்றாலே டிவியில் ‘குங்குமப் பூவே’, ‘புத்தியுள்ள மனிதரெல்லாம்’, ‘சிரிப்பு வருது’ மூன்றும் ஓடும். அருமையான பாட்டுகள்தான். ஆனால் கண்ணதாசன் அவரைக் கதாநாயகனாக வைத்துத் தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’ (1960), அடுத்த வருடமே வந்த ‘குமாரராஜா’, 1966-ல் அவரே இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எங்கள் ஊர் மட்டக்கடைப் பகுதியில் ஒரு வீட்டுத் திண்ணையில் மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் ஐந்து பேர் கூடிப் பேசியது இந்தப் படங்களைத்தான்.

‘சபாஷ் மீனா’வில் அவருக்கு இரட்டை வேடம். அதில் ஒருவர் ரிக்‌ஷாக்காரர். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த மனிதர் வாயில் மெட்ராஸ் பாஷை எப்படி இப்படி உருளுகிறது என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசியிருக்கிறோம். ‘பெண்’ (1954) படத்தில் வரும் கல்யாணப் பாட்டை ரேடியோவில் கேட்டே வளர்ந்தவன் நான். சந்திரபாபுதான் ஆடிப் பாடுகிறார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். குரல் மட்டும்தான் அவருடையது, திரையில் வாயசைப்பவர் வீணை எஸ். பாலசந்தர் என்று எனக்குச் சொன்னவர் காலமான அந்தச் சேக்காளிதான். சொன்னதோடு விடாமல் அன்றே கேசட்டைப் போட்டு, எந்த இடத்தில் சிரிப்பு பாட்டாக மாறுகிறது என்று மூன்று முறை திருப்பித் திருப்பிக் கேட்க வைத்தார்.

அவருடைய புத்தகங்களைச் செப்பனிட்டுக் கொடுத்தவன் நான்தான். பழுப்பேறிய மட்டத் தாள், விரல் பட்டால் ஓரம் உதிரும். நடுவில் அடித்திருக்கும் கம்பிப் பின் எங்கள் ஊர்க் கடல்காற்றில் துருவேறி, சுற்றியுள்ள தாளை அரித்துவிடும். அதை இழுத்து எடுக்கக் கூடாது. பின்பக்கம் மடங்கிய இரண்டு காலையும் ஊசி முனையால் நிமிர்த்தி, முன்பக்கமாக மெல்ல உருவ வேண்டும். பிறகு நூல் தையல் போட்டு, மைதாப் பசையில் துளி மயில்துத்தம் கலந்து முதுகுக்குத் துணி ஒட்டினால் தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சி அண்டாது. ஒரு புத்தகத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அவரிடம் காசு வாங்கியதில்லை.

உள்ளே கதைச்சுருக்கம் முடியும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டிருப்பார்கள். வெள்ளித்திரையில் காண்பதற்குப் படம் இருக்க வேண்டுமே! தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) பிரதி இன்று இல்லை. மிஞ்சிய காகிதங்களை வைத்துத்தான் அதைப் பற்றிப் பேசுகிறோம். பெரிய நடிகர்களின் பெயர் எப்படியும் நிலைக்கும். துணை நடிகர், நடனம் அமைத்தவர் பெயரெல்லாம் இந்த மலிவுத் தாளை நம்பித்தான் இருக்கின்றன.

கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் சேர்த்ததுதான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் அங்கே உண்டு. வீட்டில் வைத்துக்கொள்ள இடமில்லாதவர்கள் எடைக்குப் போடுமுன் அப்படி ஒரு நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். தங்கள் ஞாயிறு இணைப்பில் மாதம் ஒரு முறை கால் பக்கம் ஒதுக்கி, யாரிடம் எந்தப் படத்தின் புத்தகம் இருக்கிறது, யாருக்கு எது வேண்டும் என்று வாசகர்கள் எழுத இடம் தர வேண்டுகிறேன்.

முதல் விண்ணப்பம் என்னுடையதாக இருக்கட்டும். ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ பாட்டுப் புத்தகம் யாரிடமாவது இருந்தால் ஆசிரியருக்குத் தெரிவியுங்கள். எனக்குச் சொந்தமாக வேண்டாம். நேரில் வந்து பார்த்து, செல்போனில் பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்கிறேன். கம்பிப் பின் துருப்பிடித்திருந்தால் எடுத்து, தைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். அந்த அளவுக்குக் கண் இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பைண்டர்,
தூத்துக்குடி.