தரம் 6க்குப் பஸ் இல்லை

பொகவந்தலாவை, இலங்கை

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி கல்லூரியில் சேர்ந்து, புதுமைப்பெண் திட்டத்தில் மாதாமாதம் ஆயிரம் ரூபாய் வாங்குகிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. கோத்தகிரிக்குப் போயும் கொழுந்து பறித்துத்தானே நீ பிள்ளைகளை ஆளாக்கினாய்.

இங்கே ஒரு பிள்ளையை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. எங்கள் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், லயத்து வீட்டில் இருக்கிறாள், பதினொரு வயசு. தாய் குவைத்தில் வீட்டு வேலை. அப்பாயி கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். பின்னேரம் கொழுந்து நிறுக்கும்போது இந்தப் பிள்ளை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். அப்பாயியின் கிலோவைக் கொப்பியில் எழுதிவைத்து, மாதக் கடைசியில் சம்பளத் துண்டோடு ஒத்துப் பார்ப்பாள். குறைந்திருந்தால் கணக்கப்பிள்ளையிடமே போய்க் கேட்பாள். அவ்வளவு கெட்டிக்காரி, தோட்டத்துப் பள்ளியில் தரம் 5 முடித்ததோடு வீட்டில் இருக்கிறாள்.

தரம் 6க்கு டவுனுக்குப் போக வேண்டும். பஸ் மேல்கணக்கு வரை வருவதில்லை. ஆட்டோவுக்குக் கொடுக்க அப்பாயியின் சம்பளம் காணாது. நடந்து போவதென்றால் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. குளவிக்கும் சிறுத்தைக்கும் பயம். அதைவிட, “பெரிய பிள்ளையாகப் போறவளைத் தனியா எப்படி விடுறது?” என்கிறாள் அப்பாயி. அதே பாதையில் பையன்கள் போய்வருகிறார்கள். தம்பியைப் பார்க்கவும் ஆள் வேண்டும், அதற்கும் இவள்தான்.

நம் காலத்தை விட எவ்வளவோ மேல் என்பது உண்மை. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தும், தோட்டத்துப் பள்ளிகளை அரசாங்கம் கையேற்க எழுபதுகள் ஆயிற்று. ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், பாதிப் பெண்பிள்ளைகள் கைக்குழந்தையோடு. இன்றைக்கு இலங்கையில் தரம் 1இல் சேராத பெண்பிள்ளையைக் காண்பது அரிது. அந்தக் கணக்கைத்தான் எல்லாரும் பெருமையாகச் சொல்கிறார்கள். தரம் 6இல் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தோட்டம் தோட்டமாக எண்ணிப் பார்க்க வேண்டாமா?

ஆரம்பப் பள்ளியில் மட்டுமல்ல, இடைநிலையிலும் ஆண் பெண் வித்தியாசத்தை 2005க்குள் ஒழிப்போம் என்று 2000இல் செனகல் நாட்டின் டாக்கரில் நாடுகள் கூடி உறுதி சொன்னன. இன்றும் உலகத்தில் 12 கோடிக்கும் அதிகமான பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே என்கிறது யுனெஸ்கோ. ஆப்கானிஸ்தானில் 2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் அவர்களுக்குத் தடை. அங்கே சட்டமே வாசலை அடைக்கிறது, அந்தக் கொடுமை வேறு. இங்கே பதினாறு வயசு வரை கட்டாயக் கல்வி என்று சட்டம் இருக்கிறது. இருந்தும் பிள்ளை வீட்டில்.

வருகிற கிழமை தாய்மாரைக் கூட்டிக்கொண்டு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகிறேன். காலையில் மேல்கணக்குக்கு ஒரு பஸ் விடச் சொல்லிக் கேட்கப்போகிறோம். முடியாதென்றால் எங்கள் பள்ளியிலேயே தரம் 6ஐத் தொடங்கட்டும். உங்கள் பக்கம் எஸ்டேட்டுப் பிள்ளைகள் எப்படிப் போய்வருகிறார்கள், இலவச பஸ் பாஸ் எப்படிக் கிடைக்கிறது, பஸ்ஸுக்காக யார் யாரைப் பார்த்தீர்கள் என்று விவரமாக எழுது. மனுவில் சேர்த்துக்கொள்வேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி