அந்தக் கணினியில் பிள்ளைகள் விளையாடட்டும்: நீலகிரி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணைக்குழுத் தலைவர், உறுப்பினர்கள், மாவட்ட நூலக அலுவலர் அனைவருக்கும் வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நூலகத்தில் பழைய உறுப்பினர். வாசகர் வட்டக் கூட்டம் எதையும் தவறவிட்டதில்லை.

போன அக்டோபரில் ஒரு நாள் விடியற்காலையிலிருந்தே மழை. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஏழாவது படிக்கிற ஒரு பெண்பிள்ளை நூலகத்துக்கு வந்திருந்தாள். அவள் அம்மா அந்த மழையிலும் இலை பறிக்கப் போயிருந்தார். மூலையில் இருக்கும் கணினியில் அவள் ஒரு புதிர் விளையாட்டைத் திறந்து வைத்திருந்தாள். ஒரு கிடங்கு, அதில் நாலைந்து பெட்டிகள், அவற்றைக் குறித்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. நான் பேப்பர் படித்து முடிக்கும்வரை அவள் ஒரு விசையையும் தொடவில்லை. மேஜைமேல் விரலால் கோடு போட்டு வழி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான், “இது நூலகமா, விளையாடற இடமா?” என்று சத்தம் வந்தது. சுவரில் ‘கணினியில் விளையாடக் கூடாது’ என்று அட்டை தொங்கியது. பிள்ளை ஒன்றும் பேசாமல் கணினியை அணைத்துவிட்டு, குடைகூட இல்லாமல் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள்.

எந்த நூலகம் என்று நான் எழுத மாட்டேன். அதட்டியவர் விதியைத்தான் காப்பாற்றினார். என் மனு அந்த விதியைப் பற்றியது.

விதி ஏன் வந்தது என்று எனக்குப் புரிகிறது. ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தையும் நகையையும் விட்ட குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்காகத்தான் 2022-ல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் கொண்டுவந்தது. 2025-ல் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. சரியான காரியம். ஆனால் சூதாட்டத்தையும், துப்பாக்கி பிடித்து ஓடும் ஆட்டத்தையும், அந்தப் பிள்ளை விரலால் வழி தேடிய புதிரையும் ‘கேம்’ என்ற ஒரே சொல்லில் கட்டி வெளியே எறிவது சரியில்லை. நஞ்சும் மருந்தும் ஒரே நிறத்தில் இருக்கிறதென்று இரண்டையும் கொட்டிவிடுவார்களா?

அந்தப் பெட்டி விளையாட்டின் பெயர் சோக்கோபான். ஜப்பானில் ஹிரோயுகி இமாபயாஷி உருவாக்கியது, 1982-ல் வெளிவந்தது. கிடங்குக்காரர் என்று பொருள். விதி இரண்டே வரிதான். ஆனால் ஒரு பெட்டியை மூலையில் தள்ளிவிட்டால் அதோடு முடிந்தது, திரும்ப எடுக்க வழி கிடையாது. ஆகவே கையை நீட்டுவதற்கு முன் ஐந்தாவது, ஆறாவது தள்ளலை மனத்துக்குள் பார்த்துவிட வேண்டும். நம் ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலியைப் பதினைந்து ஆடுகள் மடக்குவதும் இதே வித்தைதான். கோயில் மண்டபத் தரையில் அந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்தவர்கள் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று நினைக்கவில்லை.

இன்னொன்று சொல்கிறேன். பின்லாந்துக்காரர் ஆர்வி டெய்காரி 2019-ல் வெளியிட்ட ‘பாபா இஸ் யூ’. இதில் விளையாட்டின் விதிகளே சொற்களாகத் திரையில் கட்டை கட்டையாகக் கிடக்கும். ‘சுவர் என்பது தடை’ என்று மூன்று கட்டைகள் வரிசையில் இருக்கும்வரை சுவரைத் தாண்ட முடியாது. ‘தடை’ என்ற கட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டால் சுவருக்குள் நடந்தே போகலாம். சுவரை எப்படித் தாண்டுவது என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நான், அந்தச் சொல்லைத் தள்ளலாம் என்று பட்ட கணத்தில் இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன். ஃபேக்டரியில் டிரையரில் இல்லாத கோளாறை இரண்டு நாள் தேடி, கடைசியில் கோளாறு முன்னாலிருக்கிற மின்விசிறியில் என்று கண்டுபிடித்த அன்றைக்கு வந்த அதே சந்தோஷம். கேள்வியே தப்பு என்று கண்டுபிடிக்கிற சந்தோஷம் அது. பாடப்புத்தகத்துக் கணக்கில் அதற்கு இடம் குறைவு.

இப்போது ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ‘மூளைப் பயிற்சி’ என்று விளம்பரம் செய்து விற்கும் செயலிகளுக்காக நான் வாதாட வரவில்லை. 2010-ல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்த ஆய்வில் 11,430 பேரை ஆறு வாரம் அப்படிப்பட்ட பயிற்சிகளைச் செய்ய வைத்துப் பார்த்தார்கள். பயிற்சி எடுத்த அந்த வேலையில் மட்டும் கை தேறியது, மற்றபடி புத்தி பொதுவாகக் கூர்மையானதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2016-ல் லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி செயலியை விற்கும் நிறுவனம் மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததற்காக அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆகவே மதிப்பெண் கூடும், ஞாபகசக்தி பெருகும் என்றெல்லாம் நூலகம் யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 77 மாணவர்களை இரண்டாகப் பிரித்து எட்டு மணி நேரம் விளையாட வைத்தார்கள். ஒரு பாதிக்கு அதே லுமோசிட்டி. மறுபாதிக்கு ‘போர்ட்டல் 2’ என்ற புதிர் விளையாட்டு: சுவரில் இரண்டு வாசல் திறந்து, ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியே வந்து வழி கண்டுபிடிக்க வேண்டும். 2015-ல் வெளியான முடிவில் சிக்கலை அவிழ்ப்பதிலும், இட அமைப்பை மனத்தில் திருப்பிப் பார்ப்பதிலும், முக்கியமாக விடாமல் முயல்வதிலும் புதிர் விளையாடியவர்களே முந்தியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ‘விடாமல் முயல்வது’ என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன், ஏனென்றால் அதை நான் நேரில் கண்டேன்.

அன்று பஸ் ஸ்டாப்பில் நனைந்து நின்ற பிள்ளையோடும் அவள் அம்மாவோடும் பிறகு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். இப்போது சனிக்கிழமைகளில் தம்பியோடு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். என் மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் விளையாடுகிறார்கள். ஒரு நாள் நான் ஒரு கேள்வி போட்டேன். நம் மலை ரயிலில் கல்லாறிலிருந்து குன்னூர்வரை தண்டவாளத்துக்கு நடுவே, எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறுவதற்காகப் பல் வெட்டிய இரும்புச் சட்டம் ஓடுகிறது, அது ஏன் ஒன்றாக இல்லாமல் இரண்டாக இருக்கிறது? பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிற பாதை அது, 1899-ல் குன்னூர்வரை வண்டி வந்துவிட்டது. தம்பி உடனே நாலு விடை சொன்னான், நாலும் தப்பு. அவள் பேசவில்லை. ஒரு தாளில் பற்களை வரைந்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள். டீ ஆறிப்போனது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: “ஒண்ணோட பல்லு இருக்கற எடத்துல இன்னொண்ணுல பள்ளம் இருக்குமா தாத்தா? ஒண்ணு விடறப்ப இன்னொண்ணு பிடிச்சிருக்கணுமில்ல?” சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த ஏற்பாடு அதேதான். விளையாடியதால்தான் இந்த விடை வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். விடை தெரியாத ஒரு கேள்வியோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க அவளுக்கு அலுக்கவில்லை, பயமும் இல்லை. அது பழகி வந்தது.

சமவெளிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தெரு இருக்கிறது. எங்கள் ஊரில் வெளிச்சம் மங்கினால் கரடியும் காட்டுமாடும் தேயிலைக்குள் இறங்கிவிடும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் யானை. ஐந்து மணிக்கு மேல் பிள்ளையை வெளியே விட எந்தத் தாய்க்கும் மனசு வராது. மழைக்காலம் வேறு. தேயிலைத் தொழிலாளர் லைன் வீட்டின் ஒற்றை அறையில் அம்மாவின் போனோடு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அந்தப் போனில் முப்பது நொடிக்கு ஒரு விளம்பரம், ‘காசு கட்டினால் அடுத்த கட்டம்’ என்று தூண்டில், யோசிக்க விடாத அவசரம். பிள்ளைகள் திரையைப் பார்க்கத்தான் போகிறார்கள். எந்தத் திரை, யார் பக்கத்தில் என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்க முடியும். நல்ல புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து அடுக்கில் வைக்கத் தெரிந்த நூலகத்துக்கு நல்ல புதிரைத் தேர்ந்தெடுக்கவும் தெரியும். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்று 1931-லேயே நூலகவியலுக்கு விதி எழுதிய எஸ்.ஆர். அரங்கநாதன், கணக்கு ஆசிரியராக இருந்து நூலகரானவர்.

செலவு என்று யாரும் சொல்ல வேண்டாம். சைமன் டாதம் என்ற பிரிட்டிஷ் நிரலாளர் ஏறக்குறைய நாற்பது புதிர்களை ஒரே தொகுப்பாக இலவசமாகக் கொடுத்திருக்கிறார். விளம்பரம் இல்லை, இணையம் வேண்டாம், பழைய கணினியிலும் ஓடும். துண்டு துண்டாகக் கிடக்கும் கம்பிகளைத் திருப்பித் திருப்பி எல்லா முனைக்கும் இணைப்புக் கொடுக்கும் புதிர், கோடுகள் ஒன்றையொன்று வெட்டாதபடி சிக்கெடுக்கும் புதிர் என்று படம் பார்த்தே புரிந்துகொள்ளலாம், ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். ‘விளையாடக் கூடாது’ என்ற அட்டையை எடுத்துவிட்டு, சூதும் சண்டையும் கூடாது, புதிர் விளையாடலாம் என்று எழுதி வையுங்கள். கிளை நூலகம் ஒவ்வொன்றிலும் ஒரு கணினியை சனிக்கிழமை மதியமும் மழை விடுமுறை நாளிலும் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். ஆளுக்கு அரை மணி நேரம், இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். சேர்ந்து யோசிப்பதற்குச் சலுகை இருக்கட்டும். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எங்கே மாட்டிக்கொண்டோம், எப்படி வெளியே வந்தோம் என்று பிள்ளை தமிழில் நாலு வரி எழுதிவிட்டுப் போகட்டும். அடுத்த பிள்ளை அதைப் படிக்கும்.

ஆள் இல்லை என்று நூலகர்கள் சொல்வார்கள். உண்மைதான், பல இடங்களில் ஒருவரே எல்லாம் பார்க்கிறார். சனிக்கிழமை இரண்டு மணிக்கு நான் வருகிறேன். வாசகர் வட்டத்தில் இன்னும் இரண்டு பேர் வரச் சம்மதித்திருக்கிறார்கள். கணினி பழுதானால் என்னால் முடிந்ததைப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளையை முதல் ஆளாக உட்கார வைக்க மட்டும் அனுமதி கொடுங்கள்.

அன்புடன்,
வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்,
கோத்தகிரி